படலைக்குள் வரும் அதிகாரம்

அளவெட்டியிலே ஒரு வளவுக்குள் அயலவர் வருவதாயினும் படலையடியில் நின்று குரல் கொடுத்துவிட்டே வருவர். நெருங்கிய உறவினருக்கும் அதுவே வழக்கம். முன்பின் தெரியாத ஒருவன் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஊர் கூடிவிடும். ஆனால் கையில் ஒரு கோவையும், பின்னால் அளவைக் கருவி சுமப்போர் இருவருமாக ஓர் உத்தியோகத்தர் வந்து நின்றால், அதே கமக்காரர் வாய் திறவாமல் வழி விடுகின்றார். "கந்தோர் ஆட்கள்" என்ற சொல் ஒன்றே போதியதாகிவிடுகின்றது. எந்தச் சட்டத்தின்படி வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள், எழுத்திலே தரப்பட்ட அதிகாரம் எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு என எண்ணுவோர் நம்மிடையே அநேகர்.

வேடிக்கை என்னவெனில், காணி விடயத்தில் நாம் சாதுக்கள் என்று எவரும் நம்மைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஒரு கதிகால் அரை முழம் தள்ளி நடப்பட்டது என்பதற்காக மல்லாகம் நீதிமன்றத்தில் தொடங்கிக் கொழும்பு வரை சென்று, வழக்கிலுள்ள நிலத்தின் விலையிலும் பன்மடங்கு பணத்தைச் செலவிட்ட குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உண்டு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே, காணியை விற்க நினைப்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்ற விதி இருந்தது. அறிவித்தல் இன்றிக் காணி கைமாறக்கூடாது என்பது நமக்குப் புதிதாக எவரும் கற்பிக்கவேண்டிய பாடமன்று. அண்ணன் தம்பியிடம் வற்புறுத்திக் கேட்கும் அந்த அறிவித்தலை அரசாங்கத்திடம் கேட்பதற்குத்தான் நமக்கு நா எழுவதில்லை.

உத்தியோகத்தர் என்ற காரணத்தால் மட்டும் பிறர் நிலத்தில் கால் வைக்கும் உரிமை எவருக்கும் பிறந்துவிடுவதில்லை. 1765ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, மந்திரியின் கட்டளையைக் காட்டிக்கொண்டு ஒரு பத்திரிகை எழுத்தாளரின் வீட்டினுள் நுழைந்து கடதாசிகளை அள்ளிச் சென்ற அரச தூதர்களுக்கு எதிராக அவர் வழக்குத் தொடுத்தார். காம்டன் பிரபு அவ்வழக்கிலே தீர்ப்பளித்தபோது, நுழைந்தவரே தமக்கு அதிகாரம் தந்த சட்டத்தைக் காட்டவேண்டும். காட்ட முடியாவிடின் அவர் அத்துமீறியவரே என்றார். நமது நீதிமன்றங்களும் சட்டத்தின் ஆட்சி பற்றிப் பேசும்போது நிற்பது இந்த நிலத்தின்மீதுதான். ஆகவே நாம் ஆராயவேண்டியது, சட்டம் எவ்வளவு இடங்கொடுத்திருக்கின்றது, எந்த எல்லைக்குள் கொடுத்திருக்கின்றது என்பதையே.

இலங்கையில் இவ்விடயத்தில் தலையாய சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி கொள்ளற் சட்டமாகும். டி. எஸ். சேனநாயக்க பிரதமராயிருந்த காலத்தில் நிறைவேற்றப்பட்ட அச்சட்டம், பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 2ஆம் பிரிவை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பிரதேசத்திலுள்ள காணி பொதுத் தேவை ஒன்றுக்கு வேண்டும் என்று மந்திரி தீர்மானித்தால், கொள்ளும் உத்தியோகத்தர் அப்பிரதேசத்தில் எல்லோர் கண்ணிலும் படக்கூடிய இடங்களில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தலைக் காட்சிக்கு வைக்கவேண்டும். அதன் பின்னரே அவரோ, அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட வேறோர் உத்தியோகத்தரோ, ஆட்களுடனும் கருவிகளுடனும் வாகனங்களுடனும் நிலத்தினுள் நுழையலாம். நுழைந்தபின் அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், நிலத்தைத் தோண்டலாம், துளையிடலாம், எல்லைக் குறிகளை நாட்டலாம். வேறு வழியில் அளவையை முடிக்க இயலாதவிடத்து நிற்கும் பயிரையும் வேலியையும் வெட்டி நீக்கவும் செய்யலாம்.

நிற்கும் பயிர்! செம்பாட்டு மண்ணிலே கன்று நட்டு, நாளும் பொழுதும் இறைத்து, புகையிலை முழங்காலளவு வளர்ந்து நிற்கும் வேளையில் அளவைக் கயிறு அதன் ஊடாகச் செல்லுமானால் நட்டம் எவ்வளவு என்பதைக் கந்தோரில் இருப்போர் கணக்கிடமாட்டார்கள். இவ்வகை நட்டத்துக்கு ஈடு கோரலாம் என்று 3ஆம் பிரிவு கூறுகின்றது. கோரினோர் எத்தனை பேர்? அப்படி ஒரு பிரிவு உண்டு என்பதை அறிந்தோரே அரிது.

இவ்வதிகாரத்துக்கு அதே பிரிவிலே ஒரு கடிவாளமும் உண்டு. மக்கள் குடியிருக்கும் கட்டடத்தினுள்ளோ, அதனோடு சேர்ந்து அடைக்கப்பட்ட முற்றம் அல்லது தோட்டத்தினுள்ளோ நுழைவதாயின், குடியிருப்பவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாத எழுத்துமூல அறிவித்தல் கொடுத்திருக்கவேண்டும். கிடுகோ பனையோலையோ தகரமோ கொண்டு நாற்புறமும் அடைத்த யாழ்ப்பாணத்து வளவு இந்த வார்த்தைகளுள் அடங்காதென்று எவர் வாதாட முடியும்? ஆதலால் வளவுக்குள் வருபவரிடம் ஏழு நாட் கடிதத்தைக் கேட்பது திமிர் அன்று, அது சட்டம்.

ஆனால் வீட்டைவிட்டு விலகி இருக்கும் தோட்டக்காணிக்கு இந்தக் காப்பு இல்லை. கோயிலடி மரத்திலோ சந்தியிலோ ஒட்டிய ஒரு கடதாசி போதும். வெங்காயத் தறை ஓரிடத்திலும், குடியிருப்பு வேறோரிடத்திலுமாக வாழ்கின்றவர்கள் நம்மவர்கள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சொந்தக்காரர் மல்லாகத்துச் சந்தியில் ஒட்டிய அறிவித்தலை எப்படிப் படிப்பர்? மழை ஒன்று பெய்தால் அதைப் படிக்க ஊரிலிருப்போருக்கும் இயலாது.

இது வெறுங் கற்பனைப் பயமன்று. அளவெட்டி எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்குகின்றதோ, அதே வலிகாமம் வடக்கில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் முதலிய ஊர்களின் மக்கள் பெயர்ந்தனர். அவர்களுடைய நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் படையினர் வசமாயின. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தது. 2011 ஆகஸ்டில் அவசரகால நிலையும் முடிவுற்றது. சொந்தக்காரர் தத்தம் வளவுக்குத் திரும்புவர் என்று எண்ணியிருந்த வேளையில், 2013 ஏப்பிரிலில் மரங்களிலே அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. படைத் தலைமையகம் அமைப்பதற்கு 6,381 ஏக்கர் வேண்டும் என்று அவை கூறின. வரகுப் பரப்புக் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. அதாவது ஒரு இலட்சம் பரப்புக்கு மேல்! அத்தனை நிலத்துக்கும் உரித்தாளரைக் கண்டறிய முடியவில்லை என்றும் அவ்வறிவித்தல்களில் எழுதப்பட்டிருந்தது. சொந்தக்காரரோ முகாம்களில், கூப்பிடு தூரத்தில், அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடுகளிலேயே பெயர் எழுதப்பட்டவர்களாக, அரசாங்கத்தின் நிவாரண அரிசியை வாங்கியவர்களாக இருந்தனர்.

சட்டத்தின்படி அறிவித்தல் முதலிலும் காலடி பின்னரும் வரவேண்டும். வலிகாமம் வடக்கிலே காலடி பட்டு 23 ஆண்டுகளின் பின்னரே அறிவித்தல் வந்தது. காணிச் சொந்தக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2015ஆம் ஆண்டு ஆட்சி மாறியபின் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் விடுவிக்கப்படாத நிலம் இன்னும் உண்டு. முட்கம்பிக்கு இப்பால் நின்று தமது வீட்டுக் கூரை இருந்த திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோரும் இன்னும் உளர்.

2ஆம் பிரிவு வெறும் ஆராய்ச்சிக்கான அனுமதிதானே, அளந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கூறுகின்றனர். படித்தவர்களும் அப்படிக் கூறுவதைக் கேட்கும்போது வியப்பாக இருக்கின்றது. சட்டத்தை முழுமையாகப் படித்தால் அந்த எண்ணம் மாறும். சாதாரண முறையில், 2ஆம் பிரிவுக்குப் பின் 4ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் வரவேண்டும். ஆட்சேபம் தெரிவிப்பதற்குப் பதினான்கு நாட்களுக்குக் குறையாத தவணை கொடுக்கவேண்டும். ஆட்சேபங்களை ஆராய்ந்த பின்னரே 5ஆம் பிரிவின்கீழ் மந்திரி பிரகடனம் செய்யலாம். இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் 38ஆம் பிரிவின் காப்புவாசகம் ஒன்று குறுக்குப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றது. அவசரம் என்று மந்திரி கருதினால், 2ஆம் பிரிவு அறிவித்தல் முதன்முறையாக ஒட்டப்பட்ட பின்னர் எந்நேரத்திலும், ஆட்சேபம் கேளாமலே, நிலத்தை உடனடியாகக் கையேற்கக் கட்டளையிடலாம். அளக்க வருகின்றோம் என்று ஒட்டிய கடதாசியே, எடுத்துக்கொண்டோம் என்பதற்கும் போதுமான அத்திவாரமாகிவிடுகின்றது. நில அளவையாளரின் காலடியைக் கண்டு மக்கள் அஞ்சுவது அறியாமையால் என்று நகைப்போர் இக்காப்புவாசகத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நீதிமன்றங்கள் இவ்வதிகாரத்துக்கு வரம்பு கட்டாமல் விடவில்லை. 2000ஆம் ஆண்டில் மனேல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன என்ற வழக்கிலே உயர் நீதிமன்ற நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அளித்த தீர்ப்பு நமது ஊர்ச் சனசமூக நிலையங்களில் எழுதித் தொங்கவிடத்தக்கது. பொதுத் தேவை எது என்று கூறாமல் 2ஆம் பிரிவு அறிவித்தலை வெளியிட முடியாது என்பது அதன் சாரம். அந்தப் பொதுத் தேவைக்கு நிலம் ஏற்றதா என்று பார்ப்பதற்காகவே உள்ளே வருகின்றார்கள். தேவையை மறைத்துவிட்டு எதற்கு ஏற்றது என்று பார்ப்பது? 2008ஆம் ஆண்டிலோ, பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட நிலம் கோல்ப் விளையாட்டுத் திடலாக மாறியதை உயர் நீதிமன்றம் கண்டித்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொதுத் தேவை என்ற சொல்லின் பின்னே என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதைச் சிங்கள மக்களும் அறிவர்.

கடல் கடந்தும் கதை வேறன்று. 2018இல் சேலம் முதல் சென்னை வரையான எட்டுவழிச் சாலைக்கென, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ், பொலிஸ் காவலுடன் வயல்களில் அளவுக் கற்கள் நாட்டப்பட்டன. சென்னை ஹைக்கோர்ட்டு 2019 ஏப்பிரிலில் அந்த நில எடுப்பு அறிவித்தல்களைத் தள்ளுபடி செய்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2020 டிசெம்பரில் அரசின் அதிகாரத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்திற்று. தமிழர் ஆளும் மாநிலத்திலும் உழவனின் வரப்பைத் தாண்டுவதற்கு முன் அவனைக் கேட்கவில்லை.

இனி, எதிர்ப்பின் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முல்லைத்தீவு வட்டுவாகலில் கடற்படை முகாமுக்கென அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அளப்பதற்கு வந்த அளவையாளரை மக்கள் பலமுறை திருப்பி அனுப்பினர். மண்டைதீவிலும் அவ்வாறே நடந்தது. அந்த மக்களின் உறுதியை நாம் போற்றுகின்றோம். அவர்கள் வீதியில் அமர்ந்திராவிடின் எல்லைக் கற்கள் எப்போதோ நாட்டப்பட்டிருக்கும். எனினும், சட்டப்படி கடமை செய்யும் உத்தியோகத்தரைத் தடுத்தல் தண்டனைச் சட்டக் கோவையின்கீழ் குற்றமாகும் என்பதையும் மறந்துவிடலாகாது. சட்டப்படியா என்பதுதான் கேள்வி. அறிவித்தல் தமிழில் ஒட்டப்பட்டதா, பொதுத் தேவை அதில் குறிக்கப்பட்டதா, வந்தவரிடம் எழுத்துமூல அதிகாரம் உண்டா, வளவாயின் ஏழு நாட்கள் கடந்தனவா என்று கேட்டு, கிடைத்த மறுமொழியைத் திகதியோடும் நேரத்தோடும் எழுதி, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியவரின் கையிலே வழக்கு வலுவாக இருக்கும். கூச்சலிட்டுத் திருப்பி அனுப்பியவருக்கு அன்றைய பொழுது மட்டுமே வெற்றி.

படலைக்கு வரும் உத்தியோகத்தர் எல்லோரும் பகைவர் என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்கீழ் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து தேங்காய்ச் சிரட்டையையும் பழைய ரயரையும் கவிழ்த்துப் பார்ப்பது நமது பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காகவே. அவருக்குக் கதவை அடைப்பது மூடத்தனம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது உத்தியோகத்தர் வரவேண்டும், நீரை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று மன்றாடியவர்கள் நாமே. மின் உற்பத்தி நிலையத்தை நடத்திய கம்பனி அயலூர் மக்களுக்கென 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரிலில் தீர்ப்பளித்தது. சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டிலேயே உத்தியோகத்தருக்குத் தந்திருந்த அதிகாரத்தைக் காலத்தோடு பயன்படுத்தி அந்த நிலையத்தின் வாயிலுக்குள் நுழைந்து பார்த்திருந்தால், அத்தனை கிணறுகள் கெட்டிருக்குமா? ஏழையின் வெங்காயத் தறைக்குள் விரைந்து வரும் அதிகாரம் கம்பனியின் இரும்புக் கதவடியில் தயங்கி நின்றதையும் நாம் பார்த்திருக்கின்றோம்.

2025ஆம் ஆண்டில் மற்றொரு பாடமும் கிடைத்தது. மார்ச்சு 28ஆம் திகதி வெளியான வர்த்தமானியில், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ், வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் பற்றிய அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்பதே அதன் பொருள். 1840ஆம் ஆண்டுத் தரிசு நிலச் சட்டம் தொடக்கி வைத்த அதே தந்திரம்: நிரூபிக்கும் சுமையை உழுபவன் தலையில் ஏற்றுவது. போரிலே வீட்டோடு உறுதியும் எரிந்தவர்கள், பிற நாடுகளில் வாழ்பவர்கள், மூன்று மாதத்துக்குள் என்ன செய்வர்? எதிர்ப்பு எழுந்தது; வழக்குத் தொடரப்பட்டது; யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதன் செயற்பாட்டை இடைநிறுத்தியது; அரசாங்கமும் அவ்வறிவித்தலை மீளப்பெற்றது. இம்முறை தப்பினோம். ஆனால் அந்த மூன்று மாதங்களில், காணி எந்தப் பாட்டியின் பெயரில் இருக்கின்றது என்றே அறியாத குடும்பங்கள் எத்தனை என்பது வெளிச்சமாயிற்று.

இங்கேதான் நமது படித்த வகுப்பாரை நாம் நோக்கவேண்டியிருக்கின்றது. அளவெட்டி கலைஞர்களுக்கும் கவிஞருக்கும் பெயர் பெற்ற ஊர். தவிலும் நாதசுரமும் மகாகவியின் கவிதையும் அதன் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றன. அருணோதயக் கல்லூரி ஈன்றெடுத்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் பல திசைகளிலும் உளர். நொத்தாரிசுகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் அனுமதிபெற்ற நில அளவையாளர்களுக்கும் வலிகாமத்தில் பஞ்சமில்லை. இவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, வாசிகசாலையில் அமர்ந்து, கமக்காரர் கொண்டுவரும் உறுதிகளைப் பார்த்து, தாய்வழிச் சீதனமும் பிரியாத பங்குமாகச் சிக்குண்டு கிடப்பவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வெளிநாட்டிலிருப்போரின் காணிக்கு ஊரிலே ஒருவர் அற்றோணித் தத்துவத்துடன் இருக்கின்றாரா என்று கேட்டுப் பதிந்து வைக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தமது பிரிவில் எந்தெந்தக் காணிகளுக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் உண்டு, அதன் வரைபடம் எது என்று பிரதேச செயலகத்தைக் கேட்டு எழுதலாம். கூட்டங்களில் மேடையேறி முழங்குவதிலும் பார்க்க இது கடினமான வேலை, கைதட்டலும் கிடைக்காது.

பாராளுமன்றத்திலே செய்யவேண்டிய வேலையும் உண்டு. இலங்கையின் அரசியல் யாப்பில் ஆதன உரிமை அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை. ஆதலால் சாதாரண சட்டத்தின் வாசகங்களே நமது வேலி. 38ஆம் பிரிவின் காப்புவாசகத்திலிருந்து 2ஆம் பிரிவு பற்றிய சொற்கள் நீக்கப்படவேண்டும். ஆட்சேபம் கேட்பதற்கு முன் கையேற்பு என்பது ஒழியவேண்டும். பொதுத் தேவை குறிக்கப்படவேண்டும் என்ற 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டத்தின் வாசகமாகவே எழுதப்படவேண்டும். ஏழு நாள் அறிவித்தல் பயிர் நிற்கும் தோட்டக்காணிக்கும் உரியதாகவேண்டும். பயிருக்கான ஈடு, வெட்டுவதற்கு முன்னர் மதிப்பிடப்படவேண்டும். உரித்தாளரைக் காணவில்லை என்று எழுதும் உத்தியோகத்தர், அவரை எங்கெங்கே தேடினார் என்பதைச் சத்தியக் கடதாசியிலே எழுதிக் கையொப்பமிடவேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பாதுகாப்புக்குக் குந்தகமானதன்று. வீதி போடுவதற்கோ பாடசாலை கட்டுவதற்கோ தடையானதுமன்று. தெற்கிலே அதிவேக நெடுஞ்சாலைகளுக்குக் காணியிழந்த சிங்கள விவசாயிக்கும் இவை பயன்படும். ஆகவே மறுபக்கத்து உறுப்பினர்களின் ஆதரவைத் தேடுவதும் முடியாத காரியமன்று. நமது உறுப்பினர் எவரும் இத்திருத்தங்களைத் தனி உறுப்பினர் மசோதாவாக நாளைக்கே சபையில் சமர்ப்பிக்கலாம். அதற்கு மந்திரிப் பதவி தேவையில்லை.